கரை திரும்பாத நீர்மூழ்கிகளும் நினைவு மரபுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களுக்காக ஆண்டுதோறும் மணியடித்துப் பெயர் வாசிக்கும் வழக்கத்தைப் பற்றிய கேள்விகளே இங்கு மிகுதி. பிற நாடுகளின் வழக்கங்களும், இந்தியாவையும் இலங்கையையும் தொடும் சில செய்திகளும் பின்பகுதியில் உள்ளன.

நீர்மூழ்கிக் கப்பல்களில் இறந்தவர்களுக்கு ஏன் தனியாக ஒரு நினைவு மரபு வேண்டியிருந்தது?

தரைப்போரில் இறந்தவருக்குப் பெரும்பாலும் ஓர் உடலும், அருகில் நின்றவர் சொல்லும் சாட்சியும் இருக்கும். கடலின் மேல் செல்லும் போர்க்கப்பல் மூழ்கினாலும் சிலராவது நீந்திப் பிழைத்து, நடந்ததைச் சொல்லக் கரை சேருவார்கள். நீர்மூழ்கி மூழ்கும்போதோ, அதில் ஏறிய அறுபது எண்பது பேரும் ஒருசேரப் போய்விடுவதே வழக்கமாக இருந்தது. எதிரிக்கு இருப்பிடம் தெரியக்கூடாது என்பதற்காக வானொலியில் மௌனம் காத்தபடியே ரோந்து சென்ற கப்பல்கள் அவை; ஆகையால் எந்த நாளில், எந்த இடத்தில், எதனால் அழிந்தன என்ற மூன்றும் தெரியாமலே பல கப்பல்களின் கணக்கு முடிக்கப்பட்டது. எஞ்சியவை கப்பலின் பெயர், துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய நாள், அதில் சென்றவர்களின் பட்டியல் ஆகியவை மட்டுமே. நினைவு மரபு இவற்றைக் கொண்டே எழுப்பப்பட்டது. அதில் கல்லறையின் இடத்தைப் பெயர்ப்பட்டியலும், ஈமச்சடங்கின் இடத்தை மணியோசையும் எடுத்துக்கொண்டன.

படைப்பிரிவின் அளவும் ஒரு காரணம். அமெரிக்கக் கடற்படையில் நீர்மூழ்கிப் பிரிவினர் நூற்றுக்கு இரண்டு பேர் என்ற அளவில்தான் இருந்தார்கள். போர் ரோந்துக்குச் சென்ற ஏறத்தாழ 16,000 பேரில் சுமார் 3,500 பேர் திரும்பவில்லை, அதாவது ஐந்தில் ஒருவருக்குச் சற்று மேல். இவ்வளவு சிறிய பிரிவில், மூழ்கிய கப்பல் ஒவ்வொன்றிலும் தனக்குத் தெரிந்த ஒருவராவது இருந்தார் என்று பிழைத்த ஒவ்வொருவராலும் சொல்ல முடிந்தது. போர் முடிந்த பத்தாண்டுகளுக்குள், 1955இல், அவர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டதற்கு முதன்மையான நோக்கமே இறந்தவர்களின் நினைவைக் காப்பதுதான்.

'முடிவில்லா ரோந்தில் இருக்கிறார்கள்' என்று ஏன் சொல்கிறார்கள்?

கிளம்பிய கப்பல் திரும்பியதாகப் பதிவேட்டில் குறிப்பு இல்லை. ஆகவே அது இன்னும் ரோந்தில்தான் இருக்கிறது என்பது நீர்மூழ்கி வீரர்களின் பேச்சுவழக்கு. கூட்டங்களில் ஒரு கப்பலின் பெயரைச் சொன்னதும் 'இன்னும் ரோந்தில்' என்று மறுமொழி கூறுவதும் உண்டு. பிற்காலத்தில், முதுமையால் வீட்டில் இறந்த முன்னாள் வீரருக்கும் இதே சொற்றொடரைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். என் எண்ணத்தில், கடலில் போனவரையும் கட்டிலில் போனவரையும் ஒரே பட்டியலில் சேர்க்கும் அந்த விரிவு சொற்றொடரின் கூர்மையைச் சிறிது மழுக்கிவிட்டது. ஆயினும் அதைத் தீர்மானிக்கும் உரிமை அவர்களுடையது.

மணியடிக்கும் சடங்கு எப்படி நடக்கிறது?

கப்பல்களில் நேரத்தை மணியடித்து அறிவிப்பது பழைய வழக்கம். நான்கு மணிநேரக் காவலில் அரைமணிக்கு ஓர் அடி கூடிக்கொண்டே போய், எட்டாவது அடியில் காவல் முடியும். அடுத்த குழு வந்து பொறுப்பேற்கும். காவல் முடிந்தது என்று அறிவித்த அதே மணியைக் காவலிலேயே இறந்தவர்களுக்கு அடிப்பதுதான் இந்தச் சடங்கு.

நடைமுறை மிக எளியது. ஒரு மேசை அல்லது பீடத்தில் பித்தளை மணி வைக்கப்பட்டிருக்கும். ஒருவர் கப்பலின் பெயரையும், அது இழக்கப்பட்ட நாளையும், அதனுடன் போனவர்களின் எண்ணிக்கையையும் வாசிப்பார். மற்றொருவர் மணிநாவில் கட்டிய கயிற்றைப் பிடித்து ஒருமுறை அடிப்பார். ஓசை அடங்கும் வரை காத்திருந்துதான் அடுத்த பெயர் வாசிக்கப்படும். அவசரப்பட்டு, முந்தைய ஒலி அடங்கும் முன்பே அடுத்த பெயரைத் தொடங்குபவரைப் பழையவர்கள் பின்னர் தனியே அழைத்துக் கண்டிப்பதும் நடக்கும். சில ஊர்களில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள் அல்லது ஒரு மலரை நீரில் இடுகிறார்கள். இறுதியில் மௌனம், மாலுமிகளின் ஊதுகுழல் ஒலி, எக்காளத்தில் அந்திம இசை, அத்துடன் முடிகிறது. நீண்ட சொற்பொழிவுக்கு அங்கே இடமில்லை. இடம் கொடுத்த விழாக்கள் சோபித்ததும் இல்லை.

வரிசை பெரும்பாலும் காலமுறைப்படியே செல்லும். உலகப் போர்ப் பட்டியல் 1941 டிசம்பர் 10 அன்று பிலிப்பைன்ஸின் கவீட்டே துறைமுகத்தில் குண்டுவீச்சுக்கு ஆளான 'சீலயன்' என்னும் கப்பலில் தொடங்குகிறது. அதில் இறந்தவர்கள் நால்வர். 1945 ஆகஸ்ட் 6 அன்று பாலித் தீவுக்கு அருகே 84 பேருடன் மூழ்கிய 'புல்ஹெட்' கப்பலில் அது முடிகிறது. ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த அதே நாள். சண்டை ஓய்ந்த ஆகஸ்ட் 15 அன்றுகூட அக்கப்பலின் கதி கடற்படைக்கு உறுதியாகத் தெரியாது.

எத்தனை கப்பல்கள், எத்தனை பேர்?

இரண்டாம் உலகப் போரில் மட்டும் 52 அமெரிக்க நீர்மூழ்கிகள் இழக்கப்பட்டன. 1915 மார்ச் 25 அன்று ஹொனலூலு துறைமுகத்துக்கு வெளியே 21 பேருடன் மூழ்கிய எஃப்-4 முதல் அணுசக்தி நீர்மூழ்கிகள் வரை சேர்த்தால் பட்டியல் அறுபதைத் தாண்டுகிறது. பட்டியலில் உள்ள எல்லாக் கப்பலிலும் உயிர்ச்சேதம் நேர்ந்ததில்லை. 'டார்ட்டர்' 1944 அக்டோபரில் பாறைத்திட்டில் சிக்கியபோது குழுவினர் அனைவரும் வேறொரு நீர்மூழ்கியால் மீட்கப்பட்டார்கள். அதற்கும் மணி அடிக்கப்படுகிறது. கப்பலும் ஒரு தோழனே என்பது அவர்கள் கருத்து.

எதிரியின் குண்டினால் மட்டும் இவை மூழ்கவில்லை. 'டேங்' தான் ஏவிய கடைசி டார்பிடோ (நீருக்குள் பாய்ந்து சென்று வெடிக்கும் குண்டு) வட்டமிட்டுத் திரும்பித் தன்னையே தாக்கியதால் 78 பேருடன் மூழ்கியது. ஒன்பது பேர் மட்டும் பிழைத்துச் சிறைப்பட்டார்கள். 'டல்லிபீ'யின் கதையும் இதுவே. சடங்கில் காரணம் வாசிக்கப்படுவதில்லை. சிலர் இதை உண்மையை மறைப்பதாகக் குறை கூறுவதுண்டு. ஆனால் காரணங்கள் ஆவணங்களில் வெளிப்படையாகவே உள்ளன. மணியடிக்கும் நேரத்தில் யார் பிழை என்று ஆராயாதிருப்பது மறைப்பாகாது.

சிறைப்பட்டு வேறிடத்தில் இறந்தவர்கள் எந்தக் கணக்கில் வருகிறார்கள்?

அவர்கள் பணியாற்றிய கப்பலின் கணக்கில்தான். இதற்கு 'ஸ்கல்பின்' கப்பலைவிடக் கசப்பான எடுத்துக்காட்டு இல்லை.

1939 மே மாதம் 'ஸ்குவாலஸ்' என்ற புதிய நீர்மூழ்கி சோதனை முழுக்கின்போது நியூ ஹாம்ப்ஷயர் கரைக்கு அப்பால் மூழ்கியது. 26 பேர் இறந்தார்கள்; மீட்புக் கூண்டின் உதவியால் 33 பேர் மேலே கொண்டுவரப்பட்டார்கள். அது கிடந்த இடத்தை முதலில் கண்டுபிடித்தது அதன் சகோதரக் கப்பலான ஸ்கல்பின். ஸ்குவாலஸ் பின்னர் மேலே தூக்கப்பட்டுச் செப்பனிடப்பட்டு 'செயில்ஃபிஷ்' என்ற புதுப்பெயருடன் பணிக்குத் திரும்பியது.

1943 நவம்பரில் ட்ரக் தீவுகளுக்கு அருகே ஸ்கல்பின் மூழ்கடிக்கப்பட்டது. பிழைத்து ஜப்பானியரிடம் சிறைப்பட்டவர்களில் 21 பேர் 'சூயோ' என்னும் விமானந்தாங்கிக் கப்பலில் ஏற்றப்பட்டு ஜப்பானுக்கு அனுப்பப்பட்டார்கள். டிசம்பர் 4 அன்று, புயலுக்கு நடுவே, உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதை அறியாமலே அந்தக் கப்பலை டார்பிடோவால் தாக்கி மூழ்கடித்தது செயில்ஃபிஷ். அந்த 21 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். நான்காண்டுகளுக்கு முன் தன்னைத் தேடிக் கண்டுபிடித்த கப்பலின் ஆட்களை அது அறியாமலே கொன்றுவிட்டது. ஸ்கல்பினின் பெயர் வாசிக்கப்படும்போது அந்த இருபது பேரும் அந்த ஒற்றை மணியோசையில் அடங்குகிறார்கள். இந்தக் கதை அறிந்தவர்கள் கூட்டத்தில் இருந்தால், அந்த இடத்தில் சற்றுக் கூடுதலாக நேரம் கடப்பதைக் காணலாம்.

அக்காலத்தில் குடும்பத்தினருக்கு எப்படிச் செய்தி தெரிவிக்கப்பட்டது?

திரும்ப வேண்டிய நாள் கடந்ததும் கடற்படை சில வாரங்கள் பொறுத்துப் பார்க்கும். அதன்பின் 'தாமதமாகிவிட்டது, இழந்ததாகக் கருதப்படுகிறது' என்ற அறிவிப்பு வெளிவரும். வீட்டுக்கு வரும் தந்தியில் 'காணவில்லை' என்ற அளவுக்கே செய்தி இருக்கும். 1942ஆம் ஆண்டின் காணாமற்போனோர் சட்டப்படி, பன்னிரண்டு மாதங்கள் கழிந்தும் தகவல் இல்லையெனில் இறந்ததாகக் கொள்ளலாம் என்ற முடிவு பதிவு செய்யப்படும். அந்த ஓராண்டில் மனைவி மனைவியாகவும் இல்லை, கைம்பெண்ணாகவும் இல்லை. மகன் எங்கோ ஒரு தீவில் கரையொதுங்கியிருப்பான், சிறைமுகாமில் இருப்பான் என்று நம்பிக்கொண்டே இருந்த பெற்றோர் போர் முடிந்து கைதிகள் திரும்பிய பிறகும் நம்பிக்கையைக் கைவிடவில்லை.

கல்லறை இல்லாதவர்களின் பெயர்கள் காணாமற்போனோருக்கான கல்வெட்டுச் சுவர்களில் பொறிக்கப்பட்டன. மணிலாவில் உள்ள அமெரிக்கப் போர்க் கல்லறைத் தோட்டத்தின் சுவர்களில் 36,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன; பசிபிக் கடலில் போன நீர்மூழ்கி வீரர்களில் பலர் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் அச்சுவர்களில் பெயர்கள் அகரவரிசையில் அமைந்துள்ளன. ஒரே கப்பலில் ஒன்றாக இறந்தவர்கள் அங்கே வெவ்வேறு தூண்களில் சிதறிக் கிடக்கிறார்கள். நீர்மூழ்கி வீரர் சங்கங்கள் எழுப்பிய நினைவிடங்கள் இதை மாற்றின. முத்துத் துறைமுகத்தில் 'போஃபின்' நீர்மூழ்கி நிறுத்தப்பட்டுள்ள பூங்காவிலும், கலிஃபோர்னியாவின் சீல் பீச்சிலும் கப்பலுக்கு ஒரு கல் வீதம் நாட்டி, அதனுடன் போனவர்களின் பெயர்களை ஒன்றாகப் பொறித்தார்கள். மரபின் உயிர்நாடி இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். தனித்தனி வீரராக நினைக்காமல், ஒரே இரும்புக் குழாய்க்குள் ஒரே காற்றைச் சுவாசித்த குழுவாக நினைப்பது அவர்கள் வாழ்ந்த விதத்துக்குப் பொருந்துகிறது.

கடலே இல்லாத ஊர்ப் பூங்காக்களில் டார்பிடோ நிற்பது ஏன்?

இழந்த கப்பல்கள் 52, மாநிலங்கள் 50. போர்க்கால நீர்மூழ்கி வீரர் சங்கம் மாநிலத்துக்கு ஒரு கப்பல் என்று பங்கிட்டு, மக்கள்தொகை மிகுந்த நியூயார்க்குக்கும் கலிஃபோர்னியாவுக்கும் இரண்டிரண்டு வழங்கியது. அந்தந்த மாநிலத்தார் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட கப்பலுக்கு நினைவிடம் அமைத்தார்கள்; செயலிழக்கச் செய்யப்பட்ட பழைய டார்பிடோ ஒன்றை நிறுத்திக் கீழே பெயர்ப்பலகை வைப்பது பொது வடிவமாயிற்று. வட டக்கோட்டா மாநிலத்துக்கு 'ரொபாலோ' வந்தது. எந்தக் கடலுக்கும் வெகு தொலைவில், கோதுமை விளையும் சமவெளியில் உள்ள ஃபார்கோ நகரத்தின் லிண்டன்வுட் பூங்காவில், 1944 ஜூலையில் பிலிப்பைன்ஸின் பலவான் தீவுக்கு அருகே கண்ணிவெடியில் சிக்கிய அந்தக் கப்பலுக்காக ஒரு டார்பிடோ நிற்கிறது. அக்கப்பலிலிருந்து நீந்திக் கரை சேர்ந்த நால்வர் சிறைப்பிடிக்கப்பட்டு, அவர்களும் வீடு திரும்பவில்லை.

மூழ்கிய கப்பல் கண்டுபிடிக்கப்பட்டால் என்ன ஆகிறது?

இடம் தெரிந்துவிடுவதால் குடும்பத்தாருக்குப் பெரிய ஆறுதல் கிடைக்கிறது, சடங்கு மாறுவதில்லை. 'க்ரனியன்' 1942இல் அலாஸ்காவை அடுத்த அல்யூஷன் தீவுகளில் 70 பேருடன் மறைந்தது. அதன் தளபதி மானெர்ட் ஏபிலின் மூன்று மகன்கள், தங்கள் முதிய வயதில் சொந்தச் செலவில் தேடுதலைத் தொடங்கி, 2006இல் கிஸ்கா தீவுக்கு அருகே ஒலியலையால் கடலடியைக் காட்டும் சோனார் படத்திலும் 2007இல் நீரடிக் கேமராவிலும் அதைக் கண்டார்கள். தேடுதல் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே தன்னார்வப் பெண்கள் சிலர் பழைய முகவரிகள், மக்கள்தொகைக் கணக்கேடுகள், உள்ளூர்ச் செய்தித்தாள்கள் ஆகியவற்றைப் புரட்டி எழுபது பேரின் உறவினர்களையும் ஒருவர் விடாமல் கண்டுபிடித்தார்கள். கடலடியில் கப்பலைக் கண்டுபிடித்ததற்கு இது எவ்விதத்திலும் குறைந்த சாதனை இல்லை. 2008 அக்டோபரில் கிளீவ்லாந்தில், அருங்காட்சியகமாக நிற்கும் 'காட்' நீர்மூழ்கியின் அருகே அந்தக் குடும்பங்கள் கூடி நினைவு விழா நடத்தின. க்ரனியனின் மணி மிசிசிப்பி மாநிலத்தின் கிரீன்வில் நகரத்தில் இருக்கிறது.

'க்ரேபேக்' கப்பலின் கதை வேறு வகை. எண்பது பேருடன் 1944 பிப்ரவரியில் மூழ்கிய அதன் இருப்பிடம் ஜப்பானியப் போர்க்கால அறிக்கையில் சரியாகவே இருந்தது. போருக்குப் பின் அதை மொழிபெயர்த்தபோது தீர்க்கரேகையில் ஓர் இலக்கம் பிழையாகப் பதிவானதால், கப்பல் நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி மூழ்கியதாக எழுபது ஆண்டுகள் நம்பப்பட்டது. ஜப்பானிய ஆய்வாளர் ஒருவர் மூல ஆவணத்தை மீண்டும் படித்துப் பிழையைக் கண்டார். 2019 ஜூனில், மூழ்கிய நீர்மூழ்கிகளைத் தேடிவரும் டிம் டெய்லரின் குழு ஒகினாவாவுக்குத் தெற்கே, ஏறத்தாழ 430 மீட்டர் ஆழத்தில், பெயர்ப்பலகை இன்னும் பொருத்தியபடியே இருந்த அக்கப்பலைக் கண்டது.

கண்டுபிடித்த பின்னும் உடல்களை ஏன் மேலே கொண்டுவருவதில்லை?

ஆழம், செலவு, அபாயம் ஆகியவை நடைமுறைக் காரணங்கள். அவற்றுக்கு மேலாக, கப்பலே கல்லறை என்ற கொள்கை பல கடற்படைகளில் நிலைபெற்றுவிட்டது. மேலே கொண்டுவந்த நிகழ்வுகளும் உண்டு. எஃப்-4 தூக்கப்பட்டபோது 21 பேரில் நால்வரை மட்டுமே அடையாளம் காண முடிந்தது. ஏனைய 17 பேர் ஆர்லிங்டனில் ஒன்றாக அடக்கம் செய்யப்பட்டார்கள். ரஷ்யாவின் 'கூர்ஸ்க்' 2000 ஆகஸ்ட் 12 அன்று 118 பேருடன் பேரண்ட்ஸ் கடலில் மூழ்கி, அடுத்த ஆண்டு மேலே தூக்கப்பட்டது. பெரும்பாலான உடல்கள் குடும்பங்களிடம் சேர்ந்தன. வெடிப்புக்குப் பின் கடைசி அறையில் 23 பேர் உயிருடன் இருந்ததும், இருட்டில் அவர்களின் பெயர்களை எழுதிவைத்த திமித்ரி கோலெஸ்னிகோவின் கடிதமும், தூக்கப்படுவதற்கு முன்பே, 2000 அக்டோபரில் முக்குளிப்பவர்கள் சில உடல்களை மீட்டபோது உலகுக்குத் தெரிந்தன.

1968இல் பசிபிக்கில் மூழ்கிய சோவியத் நீர்மூழ்கி கே-129இன் ஒரு பகுதியை 1974இல் அமெரிக்க உளவுத்துறை இரகசியமாகத் தூக்கியது. அதில் கிடைத்த சோவியத் மாலுமிகளின் உடல்கள் முறையான மரியாதைகளுடன் கடலிலேயே அடக்கம் செய்யப்பட்டன. அந்தச் சடங்கு படமாக்கப்பட்டு, 1992இல் ரஷ்யாவிடம் ஒப்படைக்கப்பட்டது. உளவுக்காக எடுத்ததை இதனால் நியாயப்படுத்த முடியாது. ஆயினும் பனிப்போரின் நடுவே எவரும் பார்க்காத கப்பல் தளத்தில் எதிரி நாட்டு வீரர்களுக்கு மரியாதை செய்திருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூழ்கிய நீர்மூழ்கிகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா?

உண்டு. பிரிட்டனில் 1986ஆம் ஆண்டுச் சட்டமும் அமெரிக்காவில் 2004ஆம் ஆண்டுச் சட்டமும் மூழ்கிய இராணுவக் கப்பல்களை அனுமதியின்றித் தொடுவதைத் தடுக்கின்றன. வேறொரு நாட்டின் கரைக்கு அருகே கிடக்கும்போது அந்தச் சட்டம் காகிதத்தோடு நின்றுவிடுகிறது. 1941 டிசம்பரில் மூழ்கிய டச்சு நீர்மூழ்கிகள் ஓ-16, கே-17 ஆகியவை மலேசியக் கடலோரத்தில் பழைய இரும்புக்காக ஏறக்குறைய முழுவதும் அள்ளிச் செல்லப்பட்டது 2019இல் தெரியவந்தது. கடைசி ஓய்விடம் என்று குடும்பங்கள் நம்பியிருந்த இடத்தில் மணலில் ஒரு பள்ளம் மட்டுமே எஞ்சியிருக்கிறது. கண்டுபிடித்த கப்பலின் துல்லியமான இருப்பிடத்தைத் தேடுதல் குழுக்கள் வெளியிடாமல் வைத்துக்கொள்வது இதனால்தான். அதைச் சரியென்றே சொல்வேன்.

போரில்லாக் காலத்தில் மூழ்கியவற்றுக்கும் இதே மரபா?

இதே மரபுதான், ஆனால் கூடவே ஒரு கடமையும் சேர்ந்துகொண்டது. 'திரெஷர்' அணுசக்தி நீர்மூழ்கி 1963 ஏப்ரல் 10 அன்று, அமெரிக்கக் கிழக்குக் கரையில் உள்ள காட் முனைக்குக் கிழக்கே ஆழ்முழுக்குச் சோதனையின்போது 129 பேருடன் மூழ்கியது. அவர்களில் 17 பேர் சோதனைக்காக உடன் சென்ற கடற்படை சாராத பணியாளர்கள். நினைவுப் பட்டியல்களில் அவர்களுக்கும் சம இடமே தரப்படுகிறது. அதைக் கட்டிய தளம் உள்ள மேய்ன் மாநிலத்தின் கிட்டரி ஊரில், ஐம்பதாம் ஆண்டான 2013இல், ஆளுக்கு ஓரடி என்ற கணக்கில் 129 அடி உயரக் கொடிமரம் நாட்டப்பட்டது.

மூழ்கிய சில வாரங்களிலேயே கடற்படை தொடங்கிய பாதுகாப்புத் திட்டம், கடல்நீர் புகக்கூடிய ஒவ்வொரு குழாய், ஒவ்வொரு பற்றவைப்பு, ஒவ்வொரு வால்வு ஆகியவற்றுக்கும் யார் செய்தார், யார் சோதித்தார் என்ற எழுத்துச் சான்றைக் கட்டாயமாக்கியது. அதற்குப் பின் அமெரிக்கா இழந்த ஒரே அணுசக்தி நீர்மூழ்கி, 1968 மே மாதம் அசோர்ஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே 99 பேருடன் மூழ்கிய 'ஸ்கார்ப்பியன்'. அது இத்திட்டத்தின் முழுச் சான்றிதழைப் பெறாத கப்பல். பாதுகாப்புத் திட்டத்தின் பயிற்சிகளில் இன்றும் திரெஷரின் கதை சொல்லப்படுகிறது. பூங்காவில் வைத்த கல்லைவிட, வால்வைச் சோதித்துக் கையெழுத்திடும் தொழிலாளியின் நினைவில் அந்த 129 பேர் இருப்பது வலுவான நினைவுச்சின்னம்.

எதிரி நாட்டவரையும் சேர்த்து நினைவுகூர்வது உண்டா?

உண்டு. 1943 அக்டோபரில் லா பெரூஸ் நீரிணையில் மூழ்கடிக்கப்பட்ட 'வாஹூ' கப்பலின் வீரர்களுக்கும், அமெரிக்க நீர்மூழ்கிகளால் அப்பகுதியில் இறந்த ஜப்பானிய மாலுமிகளுக்கும் சேர்த்து, ஜப்பானின் வடகோடியான சோயா முனையில் இரு தரப்பு உறவினர்களும் 1995இல் நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். வாஹூவின் இருப்பிடம் அப்போது உறுதியாகவில்லை, 2006இல்தான் கண்டறியப்பட்டது.

ஜெர்மனியின் கீல் நகரத்துக்கு அருகே மோல்ட்டனோர்ட்டில் இரு உலகப் போர்களிலும் இறந்த ஜெர்மானிய நீர்மூழ்கி வீரர்களின் பெயர்கள், கப்பல் வாரியாக வெண்கலப் பலகைகளில் உள்ளன. இரண்டாம் போரில் மட்டும் ஏறத்தாழ 30,000 பேர்; சென்றவர்களில் நான்கில் மூவர். அவர்கள் எந்த ஆட்சிக்காகப் போரிட்டார்கள் என்பதை மறக்காமலே அந்தப் பெயர்களின் முன் நிற்க முடியும்.

பிற நாடுகளின் வழக்கங்கள் எவ்வாறு உள்ளன?

லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் 1922இல் திறக்கப்பட்ட பிரிட்டிஷ் நினைவுச்சின்னத்தில் மலர்வளையம் மாட்ட நங்கூர வடிவக் கொக்கிகள் பதிக்கப்பட்டுள்ளன. ஆண்டுதோறும் நவம்பரில், பொது நினைவு ஞாயிறுக்கு முந்தைய ஞாயிறன்று நீர்மூழ்கி வீரர்கள் அங்கே கூடுகிறார்கள். ரஷ்யாவில், 1989இல் 'கொம்சோமோலெட்ஸ்' 42 பேரை இழந்த நாளான ஏப்ரல் 7, இறந்த நீர்மூழ்கி வீரர் அனைவருக்குமான நாள். மூர்மான்ஸ்க் நகரத் தேவாலயத்தின் அருகே கூர்ஸ்க் நீர்மூழ்கியின் மேற்புறக் கோபுரத்தின் ஒரு பகுதி நிற்கிறது. அந்தத் துண்டு பழைய இரும்புக் கிடங்கில் கிடந்து மீட்கப்பட்டது என்பது தலைகுனிய வேண்டிய செய்தி.

1968 ஜனவரியில் இரண்டு நாள் இடைவெளியில் மத்தியதரைக் கடலில் இரு கப்பல்கள் மறைந்தன. 69 பேருடன் போன இஸ்ரேலின் 'டாக்கர்' 1999இல் ஏறத்தாழ 3,000 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டு, அதன் கோபுரப் பகுதி ஹைஃபா அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. 52 பேருடன் போன பிரான்சின் 'மினெர்வ்', குடும்பங்கள் விடாமல் கேட்டதால் 2019இல் மீண்டும் தேடப்பட்டு, தூலோனுக்கு அப்பால் கிடைத்தது. அர்ஜென்டினாவின் 'சான் ஹுவான்' 2017 நவம்பரில் 44 பேருடன் மறைந்தபோது, மார் டெல் பிளாட்டா கடற்படைத் தளத்தின் கம்பிவேலி முழுவதும் கொடிகளும் கைப்பட எழுதிய செய்திகளும் தொங்கின. ஓராண்டு கழித்து அது 907 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டது. இந்தோனேசியாவின் 'நங்கலா' 2021 ஏப்ரலில் 53 பேருடன் பாலிக்கு வடக்கே மூழ்கிய சில நாட்களில், உறவினர்கள் கப்பலில் அழைத்துச் செல்லப்பட்டு அந்த நீரிலேயே மலர் தூவினார்கள்.

இந்தியாவிலும் இலங்கையிலும் இவ்வாறான நிகழ்வுகள் உண்டா?

பாகிஸ்தானின் 'காஸி' 1971 டிசம்பர் 3, 4 இடைப்பட்ட இரவில் விசாகப்பட்டினத்துக்கு அருகே தொண்ணூற்றுக்கும் மேற்பட்டவர்களுடன் மூழ்கியது. 'டியாப்லோ' என்ற பெயருடன் அமெரிக்கக் கடற்படைக்காக, திரெஷர் கட்டப்பட்ட அதே தளத்தில் கட்டப்பட்ட கப்பல் அது. மூழ்கிய காரணம் பற்றி இரு நாடுகளும் வேறுபடுகின்றன. அண்மையில் இந்தியக் கடற்படையின் ஆழ்கடல் மீட்புக்கலம் அதை அடையாளம் கண்டபோதும், இறந்தவர்களுக்குரிய மரியாதையாகத் தொடாமல் விட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. இந்தியா இழந்தது 'சிந்துரக்ஷக்'. 2013 ஆகஸ்ட் 14 அதிகாலையில், மும்பைத் துறைமுகத்திலேயே வெடித்து 18 பேர் இறந்தார்கள்.

இலங்கைக்கு உள்ள தொடர்பு பலருக்குத் தெரிவதில்லை. இரண்டாம் உலகப் போரின் பிற்பகுதியில் திருகோணமலை பிரிட்டிஷ் நீர்மூழ்கிகளின் முதன்மைத் தளமாக இருந்தது. மலாக்கா நீரிணைப் பக்கம் ரோந்து சென்ற 'ஸ்டோன்ஹெஞ்ச்' 1944 மார்ச்சில் திரும்ப வேண்டிய நாளில் திரும்பவில்லை. தடயம் எதுவும் கிடைக்கவில்லை. அக்கடலிலேயே 1945 ஜனவரியில் மறைந்த 'போர்ப்பஸ்', அந்தப் போரில் பிரிட்டன் இழந்த கடைசி நீர்மூழ்கி. திருகோணமலையில் பிரிட்டிஷ் போர்க் கல்லறைத் தோட்டம் உண்டு. கரையில் இறந்தவர்களுக்கே அங்கே கல் இருக்கிறது. கடலில் மறைந்த இந்த நீர்மூழ்கி வீரர்களின் பெயர்களைப் பிரிட்டனில் உள்ள கடற்படை நினைவுச்சுவர்களில்தான் தேட வேண்டும்.

பார்வையாளர் இச்சடங்குகளில் கலந்துகொள்ளலாமா?

நீர்மூழ்கி அருங்காட்சியகங்களில் நடக்கும் பெரும்பாலான சடங்குகளுக்குப் பொதுமக்கள் வரலாம். அமெரிக்காவில் மே மாதக் கடைசித் திங்களும், 1900இல் முதல் நீர்மூழ்கி வாங்கப்பட்ட ஏப்ரல் 11ஐ ஒட்டிய நாட்களும் வழக்கமான காலம். கைபேசியை அணைத்துவிடுவதும், மணி ஒலிக்கும்போது எழுந்து நிற்பதும் போதும். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டும் பழக்கம் அங்கே இல்லை. புதிதாக வருபவர்கள் முதல் பெயருக்குக் கைதட்டத் தொடங்கிப் பிறகு நிறுத்திக்கொள்வார்கள். யாரும் அதைக் குற்றமாக எடுப்பதில்லை. முழுப் பட்டியலும் வாசித்து முடிய அரைமணிக்கு மேல் ஆகலாம் என்பதால், முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் முன்வரிசையில் நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.